கூறை ரவிக்கையும் காற்றாடி மோட்டாரும்

படியேறி வருகிற யாருக்கும் நான் உடனே அளவெடுப்பதில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் தையல் கடை மாடியில் இருக்கிறது. பத்தொன்பது படி, செங்குத்தாக ஏற வேண்டும். ஏறி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே, கீழே காரை டபுள் பார்க்கிங்கில் போட்டிருக்கிறேன், சீக்கிரம் எடுங்கள் என்பார். போட்டால் போடட்டும். உட்காரச் சொல்லி ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுப்பேன். முப்பத்தொரு வருடமாக இதுதான் என் கடைச் சட்டம். பிடிக்காதவர்கள் போகலாம், இந்தத் தெருவில் தையல்காரர்களுக்கா பஞ்சம்?

இவ்வளவு கறாரான பொம்பளைக்கு வாய் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அம்மாவிடம் கத்தரிக்கோல் இரண்டு, ஒன்று கையில், ஒன்று வாயில் என்று என் மகன் ஜீவன் கேலி செய்வான். அந்த வாயால் நான் ஒருத்தியைப் பார்த்துச் சொல்லக்கூடாததைச் சொன்னேன். அவள் பெயர் தங்கமணி. இதை எழுதுவது அவளுக்காகத்தான்.

என் மாடிப்படிக்குக் கீழே, ரம்லத்தின் துணிக்கடைச் சுவரை ஒட்டி, ஒரு மேசை போடும் அளவுக்கு இடம் உண்டு. அங்கேதான் தங்கமணி மிக்சி, மேசைக் காற்றாடி, மாவரைக்கும் கிரைண்டர் எல்லாம் பழுது பார்க்கிறாள். வயது நாற்பத்தாறு. பிறந்தது சுங்கை வே. பள்ளிப் படிப்பு முடிந்த மறுமாதமே வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மோட்டார் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள். பிரிண்டருக்குள்ளே இருக்குமே, அந்த மாதிரி சின்னச் சின்ன மோட்டார்கள். பெல்ட்டில் வந்துகொண்டே இருக்குமாம். ஒன்றை எடுத்து மாட்டி, பொத்தானை அமுக்கி, பச்சை விளக்கு எரிந்தால் இந்தப் பக்கம், சிவப்பு எரிந்தால் அந்தப் பக்கம். இப்படி இருபத்திரண்டு வருடம், முழுக்க நின்றுகொண்டே. ஆறு வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். இவள் ஒரு சுவர்க் கடிகாரத்தோடு வீட்டுக்கு வந்தாள். எப்போதோ கொடுத்த பரிசாம். அது இப்போது அவள் மேசைக்கு மேலே தொங்குகிறது. எதற்குக் கொடுத்தார்கள் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

வீடு இப்போது கிள்ளானில். கணவர் குகன் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறார். இவள் தினமும் கொமியூட்டர் ரயிலில் வந்து போவாள். மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு என் கடைக்கு ஏறி வந்துவிடுவாள். நல்ல பெண், ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. தேத்தண்ணீர் வந்தால் ஆறவிட மாட்டாள், நாக்கைச் சுட்டுக்கொள்வாள். கேட்டால் ஃபேக்டரிப் பழக்கம் என்பாள். அங்கே ஒரு மோட்டாருக்கு ஒன்பது விநாடிதான், அதற்குமேல் ஒரு விநாடி போனாலும் சூப்பர்வைசர் வந்து நிற்பாராம்.

போன தைப்பூசத்துக்கு மறுவாரம் எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. மூன்று மாதப் பயிற்சியில் கை பாதி திரும்பியது. கரண்டி பிடிக்கலாம், துணியைப் பிடிக்கலாம், எதுவும் வேகமாகச் செய்ய முடியாது. காலை இழுத்து இழுத்து நடக்கலாம், அதில் உணர்வே இல்லை. சரி, இடது காலால் மிதித்துக்கொள்ளலாம் என்று மிஷினில் உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருடம் நான் மட்டும் தைக்கவில்லை, என் வலது கை திருட்டுத்தனமாக இன்னொரு வேலையும் செய்திருக்கிறது என்று.

தைக்கிறவர்களுக்கு இது புரியும். ஜரிகைக் கரை, லைனிங், மடிப்பு எல்லாம் சேர்ந்து தடிப்பாக வருகிற இடத்தில், மெதுவாகப் போகும் மிஷின் திணறி நின்றுவிடும். கூட மிதித்தால் நாலு தையல் ஒரேயடியாகப் பாயும். அதனால் அந்த இடம் வரும்போது வலது கையால் சக்கரத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளிக் கடத்திவிடுவோம். கண் இமைக்கிற நேரம்தான். அந்த நேரத்துக்கு என் கை இப்போது போய்ச் சேரவில்லை. நான் தள்ளுவதற்குள் மிஷின் நிற்கும், இல்லை பாயும். ரவிக்கைக்காரிக்குத் தடிப்பான இடம் தைக்க வராது என்றால் அவள் வேறு என்னதான் தைப்பாள்?

ஜீவன் சுபாங் ஜெயாவில் வீடு வாங்கியிருந்தான். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். அது முடிந்ததும் கடைச் சாவியைக் கட்டடக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நான் அங்கே வந்துவிட வேண்டும் என்று முடிவானது. முடிவு செய்தது அவன், தலையாட்டியது நான். பாசத்தில்தான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிளே கிரவுண்டைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் எனக்கு வயிறு எரியாதா? அவனிடம் ஒரே ஒரு பேச்சு பேசினேன்.

"உன் பொண்டாட்டியோட கூறை பிளவுஸை நான்தான் தைப்பேன். தைச்சு முடிச்சா கடை இருக்கும். முடியலன்னா சாவி உன் கையில."

சரி மா என்றான். முடியாது என்று நினைத்துத்தான் சரி என்றான்.

தங்கமணி இதையெல்லாம் டப்பாவில் இருந்து சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவிவிட்டு வந்து மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மெதுவாகவும் போக வேண்டும், தடிப்பான இடத்தில் பலமும் வேண்டும், நிற்கவும் கூடாது, பாயவும் கூடாது, அவ்வளவுதானே என்று கேட்டாள். என்னமோ பாசாருக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கி வருகிற மாதிரி அவ்வளவுதானே என்கிறாளே என்று எனக்கு எரிச்சல். கடையில் விற்கும் மெதுவான மோட்டாரை ஒருவர் ஏற்கெனவே கொண்டுவந்து மாட்டிக் காட்டியிருந்தார். அதன் மெதுவே எனக்கு வேகம்.

அவள் கிள்ளானில் பழைய இரும்புக் கடையில் தேடி, கஞ்சில் என்கிற சின்னக் காரின் ரேடியேட்டர் காற்றாடியில் இருந்த மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். உள்ளே காந்தம் இருக்கிற மோட்டார்தான் வேண்டுமாம், என் பழைய மோட்டாரில் அது கிடையாதாம். அதை என் மிஷினில் பொருத்தி, உள்ளங்கை அளவு ஒரு சின்ன போர்டையும் சேர்த்தாள். வேகம் குறைந்தால் போர்டு கூடக் கரண்ட் கொடுக்கும், கூடினால் குறைக்கும். என் வலது கை செய்த வேலையை இனி அது செய்யும். ஆனால் வேகம் குறைந்தது என்று அதற்கு யார் சொல்வது? அதற்கு ஓட்டை போட்ட ஒரு தட்டையும், ஓட்டைகளை எண்ணுகிற ஒரு சென்சார் கண்ணையும் அச்சில் வைத்தாள். இரண்டு நாள் பிரமாதமாக ஓடியது. மூன்றாம் நாள் என் கடைப் பஞ்சும் மிஷின் எண்ணெயும் சேர்ந்து அந்தக் கண்ணை மூடிவிட்டன. துடைத்தாள், மறுபடி மூடியது. மூடி போட்டாள், மூடிக்குள்ளும் பஞ்சு போனது. தையல் கடையில் பஞ்சு போகாத இடம் ஏது?

ஒரு வாரம் கழித்து மோட்டாரைத் தனியாகக் கையில் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். அதன் இரண்டு வயரையும் மீட்டரில் மாட்டினாள். வேறு கரண்ட் எதுவும் கிடையாது. என் முன்னால் வைத்து, "சுத்துங்க அக்கா, வலது கையால" என்றாள்.

சுற்றினேன். மீட்டரில் பூஜ்யம் போய் புள்ளி மூன்று வந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றினேன். புள்ளி ஐந்து. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன், புள்ளி ஆறு. மூன்று மாதம் பயிற்சி அறையில் ரப்பர் பந்தை அமுக்கு அமுக்கு என்றார்கள், எவ்வளவு அமுக்கினேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. இங்கே என் கைக்கு ஒரு எண் கிடைத்தது. சும்மா இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

அவள் அதைக் கவனிக்காத மாதிரி விளக்கினாள். கரண்ட் கொடுத்தால் மோட்டார் சுற்றும். சுற்றினால் அதுவும் திருப்பிக் கரண்ட் கொடுக்கும், சைக்கிள் டைனமோ மாதிரி. எவ்வளவு வேகமோ அவ்வளவு வோல்ட். தைத்துக்கொண்டிருக்கும்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, நாம் கொடுக்கிற கரண்ட்டின் ஆரவாரத்தில் அது தெரிவதில்லை. அதனால் ஒரு விநாடிக்கு ஐம்பது தடவை நம் கரண்ட்டைச் சட்டென்று நிறுத்தி, மோட்டார் தன் பங்குக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று பார்த்துவிட்டு, உடனே திரும்பக் கொடுத்துவிட வேண்டும். சக்கரம் ஓடுகிற ஓட்டத்தில் அந்த இடைவெளி நமக்குத் தெரியவே தெரியாது. தட்டு வேண்டாம், கண் வேண்டாம், பஞ்சுக்குப் பயப்பட வேண்டாம். தன் வேகத்தை மோட்டாரே சொல்லிவிடும். புத்தகத்தில் இதற்கு என்ன பெயரோ, நாங்கள் திரும்பி வருகிற வோல்ட் என்றே சொல்லிக்கொண்டோம்.

அடுத்த வாரம் மாட்டினாள். பருத்தித் துணியில் தைத்துப் பார்த்தேன். மிஷின் ஒரு விநாடிக்கு இரண்டு தையல் வீதம், என் கைக்கு ஏற்ற மாதிரி, டக் டக் டக் என்று போனது. பாலியெஸ்டர் தைத்தேன், பட்டுத் துண்டு தைத்தேன், இரண்டாக மடித்தும் தைத்தேன். ஒரு குறை சொல்ல முடியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரம்லத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன், வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அந்தத் திமிரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து, கூறைப் புடவையோடு வந்த ரவிக்கைத் துணியை எடுத்து வெட்டினேன். அரக்குச் சிவப்பு, நாலு விரல் அகலத்துக்கு ஜரிகைக் கரை. தங்கமணி பக்கத்தில் நின்றாள். ரவிக்கையின் முதல் கையின் கரையை லைனிங்கோடும் கேன்வாஸோடும் மடித்து ஊசிக்கு அடியில் வைத்தேன். டக் டக் டக் என்று கரையைத் தொட்டது. அடுத்த நொடி மிஷின் பேய் பிடித்த மாதிரி கத்திக்கொண்டு பாய்ந்தது. பெடலில் இருந்து காலை எடுப்பதற்குள் ஊசி உடைந்து, நூல் சிக்கி, ஜரிகையில் இருபது முப்பது ஓட்டை விழுந்துவிட்டது. ஒரு கைக்கான கரை போச்சு. அந்தத் துணியில் வேறு கரை இல்லை.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு வாய் திறந்தது.

"இருபத்தி ரெண்டு வருசம் பொத்தான் அமுக்கினவளை நம்பிக் கூறைத் துணியைக் குடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். உனக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும்?"

தங்கமணி குனிந்து தரையில் எதையோ தேடினாள். பதில்கூடச் சொல்லாமல் என்ன தேடுகிறாள் என்று நான் இன்னும் கொதித்தேன். உடைந்த ஊசியின் முனையைத் தேடியிருக்கிறாள். கண்டெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கீழே போனாள். என் வலது காலில் குத்தினால் எனக்குத் தெரியாது என்பது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. இது எனக்கு உறைப்பதற்கு அன்றைய பொழுது முழுக்கப் பிடித்தது.

மறுநாள் வரமாட்டாள் என்று நினைத்தேன். நான் கடை திறக்கும்போது படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பழைய லேப்டாப். என்னைப் பார்த்ததும், "அந்த பிளவுஸ் கையைக் குடுங்க அக்கா. இனிமே அதுல கெட்டுப்போக ஒண்ணும் இல்லைல்ல" என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. வீம்பு விடவில்லை. பேசாமல் எடுத்துக் கொடுத்தேன்.

மோட்டார் சொல்கிற வோல்ட்டெல்லாம் வரிசையாக லேப்டாப்பில் தெரிகிற மாதிரி செய்திருந்தாள். சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொள்ளத் தானே பக்கத்தில் நின்றுகொண்டு என்னைத் தைக்கச் சொன்னாள். ஒற்றைத் துணியில் புள்ளி ஒன்பது, புள்ளி ஒன்பது, புள்ளி ஒன்பது. கரை வந்ததும் புள்ளி எட்டு. பிறகு பூஜ்யம், உடனே மிஷின் பாய்ந்தது, அவள் சக்கரத்தை அமுக்கி நிறுத்தினாள். மறுபடி தைத்தேன், மறுபடியும் பூஜ்யம். மோட்டார் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு போர்டு இருக்கிற பலத்தையெல்லாம் கொடுக்கிறது, அதனால்தான் பாய்கிறது. அதுவரை எனக்கே புரிந்தது. ஆனால் ஊசி நிற்கவே இல்லை, நாங்கள் இருவரும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். போய்க்கொண்டிருக்கிற மோட்டார் ஏன் நின்றுவிட்டேன் என்று பொய் சொல்கிறது?

வயரை மாற்றினாள். போர்டில் ஏதோ ஒரு சாமானைக் கழற்றி வேறு போட்டாள். மோட்டாரைப் பிரித்து உள்ளே துடைத்து மூட்டினாள். மதியம்வரை பூஜ்யம் பூஜ்யம் என்றே வந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. சாவி என் இடுப்பில் கனத்தது.

அப்போது ரம்லத் மேலே வந்தாள். ஜீவன் கல்யாணத்துக்குப் போட ஒரு பாஜு குரோங், மலாய்க்காரப் பெண்கள் போடும் நீளச் சட்டையும் பாவாடையும், தைக்க வேண்டும், கீழே கடையில் ஆள் காத்திருக்கிறது, சட்டென்று அளவெடு என்று டேப்பை எடுத்து அவளே என் கையில் திணித்தாள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உட்கார் என்று தண்ணீரைக் கொடுத்தேன். உனக்கு இது ஒரு வியாதி கலா என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

தங்கமணி இதை நூறு தடவையாவது பார்த்திருப்பாள், ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அன்றைக்கு ஸ்குரூ டிரைவரும் கையுமாக நிமிர்ந்து, எதற்கு எல்லாரையும் உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு இருந்த எரிச்சலில் வெடுக்கென்று பதில் வந்தது.

"மூச்சு வாங்கும்போது டேப்பை வச்சா ஒண்ணரை இஞ்ச் தப்பா வரும். அது இவ அளவு இல்ல, படியோட அளவு. ஏறி வந்தது அடங்கினப்புறம்தான் இவ அளவு தெரியும்."

தங்கமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்றால், ரம்லத் பயந்துபோய்த் தன் தண்ணீரை அவளிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"நான் படியை அளந்துக்கிட்டு இருக்கேன் அக்கா."

கரண்ட்டை நிறுத்தினால் அது அந்த நொடியே செத்துவிடுவதில்லையாம். மோட்டாரின் சுருளுக்குள் மிச்சம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்குமாம். அது அடங்கும்வரை மோட்டாரின் சொந்த வோல்ட் வெளியே தெரியாது, அளந்தால் பூஜ்யம்தான் வரும். ஒற்றைத் துணி தைக்கும்போது மோட்டார் கொஞ்சம்தான் கரண்ட் குடிக்கிறது, உடனே அடங்கிவிடுகிறது. தடிப்பான கரையில் நிறையக் குடிக்கிறது, அடங்க நேரம் பிடிக்கிறது. இவளோ கரண்ட்டை நிறுத்திய கையோடு, ஒரு விநாடியை ஆயிரமாக வெட்டி அதில் பாதி நேரத்திலேயே அளந்திருக்கிறாள்.

அத்தனை அவசரம் ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் கடிகாரத்தின் கதை வந்தது. தொழிற்சாலையில் ஒரு மோட்டாருக்கு முதலில் பதினொரு விநாடி இருந்ததாம். அதில் இடையிடையே சும்மா காத்திருக்கிற நேரமும் சேர்த்தி. எதற்கு இது, வீண் என்று எடுத்துவிட யோசனை சொன்னவள் தங்கமணிதான். பதினொன்று ஒன்பதாயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள், மேனேஜர் கடிகாரம் கொடுத்தார். அங்கே வெறும் மோட்டாரைத்தான் சோதிப்பார்கள், அதற்குச் சுமை கிடையாது, அதனால் அது தப்பாகவும் போகவில்லை. பிறகு பதினைந்து வருடம் தினமும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, காத்திருந்தால் குற்றம் என்று கைக்கே பழகிவிட்டது.

"எனக்குப் பரிசு குடுத்ததே எதுக்கோ, அதுதான் உங்க துணியைக் கெடுத்துச்சு அக்கா" என்று சொன்னபோது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் ரம்லத்தின் அளவை எழுதுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அரைக்குப் பதில் ஒன்று வைத்தாள். பூஜ்யம் குறைந்தது, போகவில்லை. இரண்டில் எப்போதாவது ஒன்று வந்தது. நாலு வைத்தபோது காத்திருப்பு அதிகமாகி மிஷின் உதறியது. மூன்றில் நின்றாள். ஆயிரத்தில் மூன்று பங்கு விநாடி. நான் பாழான ரவிக்கைக் கையை எடுத்துக் கரையை நாலாக மடித்து வைத்தேன். இடது காலைப் பெடலில் வைத்தேன். மிதித்தேன். டக் டக் டக். கரைக்குள் நுழைந்தபோது மோட்டார் லேசாக முக்கிய சத்தம் கேட்டது, அவ்வளவுதான். நிற்கவில்லை, பாயவில்லை. டக் டக் டக் என்று அந்தப் பக்கம் வந்து இறங்கியது. நான் அழுதுவிட்டேன். ரம்லத்தும் எதற்கு என்று தெரியாமலே சேர்ந்து அழுதாள்.

மிஷின் சரியாகிவிட்டது, கரைக்கு எங்கே போவது? மருமகளாக வரப்போகிற விஷ்ணுப்ரியா கேஎல் சென்ட்ரலில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மறைத்துப் பயனில்லை என்று மதிய நேரத்தில் கூப்பிட்டு, கெட்டுப்போன ரவிக்கைக் கையை அவள் முன்னால் வைத்தேன். புடவையின் உள்முனையில், இடுப்பில் சொருகுகிற இடத்தில், ஒரு முழம் வெட்டினால் கரை கிடைக்கும். ஆனால் கூறைப் புடவையாயிற்றே, தாலி கட்டுமுன் அதில் கத்தரி வைப்பதா என்று எனக்கு மனசே வரவில்லை. அவள் ஓட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு மிஷினைப் பார்த்தாள்.

"சொருகுற இடத்தை யார் பார்க்கப் போறா அத்தை, வெட்டுங்க லா. நீங்க தைக்கிறதுதான் எனக்கு வேணும்."

அதுவரை ஆன்டி என்று கூப்பிட்டவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக அத்தை என்றாள். வெட்டினேன். ஆறு நாள் தைத்தேன். முன்பெல்லாம் ஒன்றரை நாள் வேலை. ஆனால் ஒரு தையலைக்கூட யாரிடமும் கொடுக்கவில்லை, கொக்கிவரை என் கைதான்.

சனிக்கிழமை ஜீவன் வந்தான். மேசை நாற்காலிகளில் எதை விற்பது, எதைக் கொண்டுபோவது என்று பார்ப்பதற்காக அளவு டேப்போடு வந்திருந்தான். ரவிக்கை ஹேங்கரில் தொங்கியது. தையல்காரி மகன் இல்லையா, வெளிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. கையை உள்ளே விட்டுத் திருப்பி, கரை மடிப்பின் உள்தையலைப் பார்த்தான். இரண்டு கையிலும் பார்த்தான். தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தான். சாவி என் இடுப்பில் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் போய்ப் படியைப் பார்த்தான். கொண்டுவந்த டேப்பால் படிச் சுவரை அளக்க ஆரம்பித்தான்.

"இடது பக்கம் கைப்பிடி இல்லை மா. நாளைக்கு வந்து போட்டுத் தரேன்."

கிள்ளானில் கல்யாணம் நடந்த மண்டபத்தில் எல்லாரும் தாலியைப் பார்த்தபோது நான் ரவிக்கைக் கையின் கரையைத்தான் பார்த்தேன், அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தி நடந்தது. தங்கமணி என்னிடம் ஒரு நாளும் ரவிக்கை தைத்துக்கொண்டதில்லை. கடையில் தொங்குவதை வாங்கி மாட்டிக்கொள்வாள், நேரம் மிச்சம் என்பாள். அவளை அளவெடுக்க மேலே வரச் சொன்னேன். பத்தொன்பது படியையும் ஒரே ஓட்டமாக ஏறி வந்து, கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கீழே ஒரு கிரைண்டர் பிரித்தபடி கிடக்கிறது, சீக்கிரம் எடுங்கள் என்றாள்.

உட்காரச் சொன்னேன். பரவாயில்லை என்றாள். தோளைப் பிடித்து, என் வலது கையால்தான், நாற்காலியில் அமுக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இதைவிட்டால் எனக்கு வாய் வராது என்று தோன்றியது.

"அன்னிக்கு நான் உன்னைச் சொன்னது ரொம்பத் தப்பு தங்கமணி. என்னை மன்னிச்சிடு."

அவள் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருபத்தி ரெண்டு வருசத்துல ஒருத்தரும் என்னை உட்காருன்னு சொன்னதில்ல அக்கா" என்றாள்.

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தாள். மூச்சு அடங்கியது. அதற்குப் பிறகும் சற்று நேரம் விட்டு, எழுந்து அவள் அளவை எடுத்தேன்.